நடப்போருக்கு அமைந்த கலை

பொதுக்கலை என்றவுடன், நாற்சந்தியில் பீடமேறி நிற்கும் சிலையையும், வாகனத்தில் விரைபவர் ஒரு கணம் கண்டு மறக்கும் சுவர்ச் சித்திரத்தையுமே நாம் இன்று நினைக்கின்றோம். ஆயினும், கடலூர், சிதம்பரம் வட்டாரத்தில் அக்கலை நடப்பவனுடைய காலையும் கண்ணையும் அனுசரித்தே வளர்ந்தது.

சிதம்பரம் நடராஜர் கோயிலில், பரத சாஸ்திரம் கூறும் 108 கரணங்களைச் செதுக்கிய சிற்பிகள், வெயிலில் வந்த யாத்திரிகன் நிழலுக்கு ஒதுங்கும் கோபுர வாயிலின் இருபுறச் சுவர்களையே அவற்றுக்கு உரிய இடமாகக் கொண்டனர். கீழைக் கோபுரத்தில் நாட்டிய சாஸ்திர சுலோகங்களும் கிரந்த எழுத்தில் உடன் பொறிக்கப்பெற்றுள்ளன. சிவகாமசுந்தரி சந்நிதி மண்டபத்து விதானத்தில், நாயக்கர் காலத்துச் சித்திரக்காரர் தீட்டிய மாணிக்கவாசகர் சரித்திரமோ, அண்ணாந்து பார்த்தபடி அடியெடுத்து வைப்பவனுக்கே தொடர்ந்து விரியும். ஆனியிலும் மார்கழியிலும் மூலமூர்த்தியாகிய நடராஜரே தேரேறி நான்கு வீதிகளையும் வலம் வருகின்றார்.

இக்கலைக்கு ஊற்றாக அமைந்தது அடியார்களின் யாத்திரை. கல்லோடு கடலில் எறியப்பெற்றுத் திருப்பாதிரிப்புலியூரில் கரையேறியதாகப் போற்றப்பெறும் அப்பர், தலந்தோறும் நடந்தவர். அவருக்குச் சிலை வடித்தவர்கள், அடியார் கால் படும் பிராகாரத்துப் புல்லைச் செதுக்கும் உழவாரத்தை அவர் கையில் மறவாமல் வைத்தனர். 12ஆம் நூற்றாண்டில் தாராசுரத்துச் சிற்பிகளும், வலம் வருவோர் ஒவ்வொன்றாகக் கண்டு செல்லும் வண்ணம், நாயன்மார் சரித்திரங்களை விமானத்தின் அடிப்பகுதியில் வரிசையாக அமைத்தனர்.

எனினும், அவ்வழிகளில் நடக்கும் உரிமை யாவர்க்கும் இருந்ததா என்று கேட்பது நம் கடமை. தில்லையாகிய சிதம்பரத்தைத் தரிசிக்கப் புறப்பட்ட, ஒதுக்கப்பெற்ற குலத்தவரான நந்தனார், உள்ளே புக அஞ்சி, ஊரெல்லையையே இரவும் பகலும் வலம் வந்ததாகப் பெரிய புராணம் பேசுகின்றது. ஆலயப் பிரவேசத்துக்கு 1947-லும் சென்னை மாகாணம் சட்டம் இயற்ற வேண்டியிருந்தது. எல்லோரும் அச்சமின்றி அணுகக்கூடிய இடத்தில் இருந்தாலன்றி, எத்துணை உன்னதமான சிற்பமும் பொதுக்கலை ஆகாது.

ஆதலால், சுவர்களுக்கு வர்ணம் பூச முனையும் நகராட்சிகளும் அறநிலையத் துறையும் முதலில் பாதைகளைக் கவனிக்க வேண்டும். வள்ளலார் 1872-ல் சத்திய ஞான சபையை நிறுவிய வடலூருக்குத் தைப்பூசந்தோறும் நடந்து வரும் அன்பர்களும், திருவதிகையிலிருந்து கடலூருக்கு அப்பர் நினைவோடு நடக்க விரும்புவோரும், லாரிகளுக்கு ஒதுங்கிச் சாலையோரப் புழுதியில் நடக்கும் நிலை மாற வேண்டும். நிழல்மரமும், தண்ணீர்ப் பந்தலும், பழைய சுமைதாங்கிக் கற்களைப் பேணும் அக்கறையும் அமைந்த நடைபாதைகளை இடுங்கள். அவற்றின் ஓரத்தில் இவ்வடியார்களின் சரித்திரங்களைச் செதுக்க இன்றைய சிற்பிகளை அழையுங்கள். அத்தகைய பாதை இல்லாத ஊரில் தீட்டப்பெறும் சுவர்ச் சித்திரம் வெறும் விளம்பரமே.