குறை சொல்லும் முறை



சென்ற திங்கள் ஒரு ஞாயிறு இரவு, வித்துராவில் தேநீர்க்கடை நடத்தும் நண்பர் ஒருவர் தொலைபேசியில் அழைத்தார். தென்காசிப் பக்கத்திலிருந்து வந்து இருபது ஆண்டுகளாக இங்கே குடியிருப்பவர். குரலில் பதற்றம் தெரிந்தது.

"அண்ணாச்சி, கணிப்பொறி எங்களை உள்ளே விட மறுக்கிறது. கடவுச்சொல் தவறு, தவறு என்றே சொல்லுகிறது. பிள்ளை நாளைக் காலையில் கட்டுரையை ஒப்படைக்க வேண்டும். பழுது பார்ப்பவரைக் கேட்டேன். எல்லாவற்றையும் அழித்துப் புதிதாக ஏற்றித் தருகிறேன் என்கிறார். சரி என்று சொல்லிவிடட்டுமா?"

"வேண்டாம், நான் வருகிறேன்" என்று சொல்லிப் புறப்பட்டேன். அவருடைய தாயார் மறைந்து ஓராண்டு ஆகிறது. அம்மையாரின் படங்கள் யாவும் அந்தப் பெட்டி ஒன்றில்தான் இருக்கின்றன என்பதை நான் அறிவேன். வேறு படி எடுத்து வைக்கவில்லை.

நடந்தது இதுதான். பிள்ளை தமிழில் கட்டுரை எழுதிவிட்டு, விசைப்பலகையைத் தமிழிலேயே விட்டுவிட்டாள். நுழைவுத் திரையிலும் தமிழே நீடித்தது. கடவுச்சொல்லோ ஆங்கில எழுத்துகளால் ஆனது. தட்டும் எழுத்துகள் கண்ணுக்குத் தெரியாமல் புள்ளிகளாக மறைவதால், ஆங்கிலம் என்று எண்ணித் தட்டியதெல்லாம் தமிழாக உள்ளே சென்றது. திரையின் மேல் ஓரத்தில் மொழியைக் காட்டும் சிறு குறி ஒன்று இருக்கத்தான் செய்தது. ஆயின் அதை யாரும் காணவில்லை. அதைத் தொட்டு ஆங்கிலத்துக்கு மாற்றினேன், கதவு திறந்தது. நான்கு நிமிட வேலை. அதை அறியாமையால் ஒரு தாயின் முகமே அழிந்து போயிருக்கும்.

இத்தகைய குறையைப் பயன்பாட்டுக் குறை என்பார்கள். பொறி பழுதாகவில்லை; கோப்பும் கெடவில்லை. பயன்படுத்தும் மனிதன்தான் இடறி விழுகிறான். நண்பர் வைத்திருப்பது விலையின்றிக் கிடைக்கும் கட்டற்ற இயங்குதளம். பலர் கூடி உழைத்துப் பொதுவில் வைத்த பொருள் அது. "இவ்வளவு சிறிய குறையை அன்றே திருத்தி அனுப்பக் கூடாதா?" என்று அவர் கேட்டார். நியாயமான கேள்வி. அதற்கு விடை காண்பதே இத்திங்களின் பேச்சு.

இயங்குதளங்களில் நிலையான வெளியீடு என்று ஒன்று உண்டு. தெபியன் என்னும் இயங்குதளம் ஏறத்தாழ இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை அத்தகைய வெளியீட்டைத் தருகிறது. வெளியிட்ட பின் அதில் எளிதில் கை வைப்பதில்லை. பாதுகாப்புக் குறைகளையும் பெரிய பழுதுகளையுமே திருத்துகிறார்கள். குறைகளை அவர்கள் ஏழு படிகளாக வகுத்திருக்கிறார்கள். மேல் மூன்று படிகளில் உள்ளவை வெளியீட்டையே தடுத்து நிறுத்தக்கூடியவை. நம் நண்பரை வருத்திய குறை போன்றவை பெரும்பாலும் கீழ்ப்படிகளிலேயே நின்றுவிடும்.

இது கல்நெஞ்சம் அன்று. சிறு திருத்தமும் பெருங்கேடு செய்யும் என்பதை அவர்கள் பட்டு அறிந்திருக்கிறார்கள். 2006ஆம் ஆண்டில், சோதனைக் கருவி ஒன்று எழுப்பிய எச்சரிக்கையை அடக்குவதற்காக, தெபியனின் ஓப்பன் எஸ்.எஸ்.எல். என்னும் மறைக்குறி நிரலில் ஒரு சிறு மாற்றம் செய்தார்கள். நல்லெண்ணத்தோடு செய்ததுதான். ஆயின் அதனால் அந்நிரல் உண்டாக்கிய மறைச்சாவிகள் எளிதில் ஊகிக்கத்தக்கவை ஆகிவிட்டன. அது வெளிப்பட்டது 2008 மே 13ஆம் நாளில். இடைப்பட்ட காலத்தில் உண்டாக்கிய சாவிகளையெல்லாம் உலகெங்கும் மாற்ற வேண்டியதாயிற்று.

மற்றொரு காரணம் நமக்கு இன்னும் அண்மையானது. திரையில் உள்ள ஓர் ஆங்கிலச் சொற்றொடரை மாற்றினால், அதற்கு முன்பே செய்து வைத்த தமிழாக்கம் பொருந்தாமற் போய்விடும். மீண்டும் மொழிபெயர்க்கும் வரை அவ்விடத்தில் ஆங்கிலமே தோன்றும். பாடநூலில் அச்சிட்ட திரைப்படத்துக்கும் பிள்ளை காணும் திரைக்கும் வேறுபாடு உண்டானால் ஆசிரியரும் திகைப்பார். நடு ஆண்டில் மாற்றாதிருப்பதும் ஒரு நன்மையே.

உபுண்டு என்னும் இயங்குதளம், வெளியீட்டுக்குப் பின் செய்யும் திருத்தத்துக்கு ஒரு நடைமுறை வைத்திருக்கிறது. குறையால் யாருக்கு என்ன தீங்கு, அதை மீண்டும் உண்டாக்கிக் காட்டுவது எப்படி, திருத்தத்தால் வேறு எங்கே தவறு நேரலாம் என்று மூன்றையும் எழுத வேண்டும். பிறகு அத்திருத்தம் குறைந்தது ஏழு நாள்கள் சோதனை வரிசையில் காத்திருக்க வேண்டும். அதன்பின்னரும் எல்லோருக்கும் ஒரே நாளில் செல்லாமல், சிறிது சிறிதாகவே பரவும்.

அங்ஙனமாயின் சிறு குறைகளுக்கு விமோசனமே இல்லையா? உண்டு. 2009ஆம் ஆண்டில் உபுண்டு குழுவினர் 'நூறு காகிதக் கீறல்கள்' என்றொரு முயற்சி தொடங்கினார்கள். காகித விளிம்பு விரலில் கீறினால் உயிர் போகாது. ஆயினும் நாள் முழுதும் உறுத்தும். அதுபோல எளிதில் திருத்தக்கூடிய, ஆனால் எல்லோரையும் உறுத்தும் குறைகளைத் திரட்டிக் களைய முற்பட்டார்கள். அவர்கள் குறிவைத்தது அவ்வாண்டு அக்டோபரில் வரவிருந்த புதிய வெளியீட்டை. சிறு குறைகளுக்கு உரிய வாயில் பெரும்பாலும் அடுத்த வெளியீடே என்பதை இதனால் அறியலாம்.

இங்கேதான் நம் பொறுப்பு தொடங்குகிறது. கேரளப் பள்ளிகளையே பாருங்கள். கைட் என்னும் அரசு நிறுவனம் பள்ளிகளுக்கென ஆக்கித் தரும் இயங்குதளம் உபுண்டுவை அடிப்படையாகக் கொண்டது. 2018 ஏப்ரலில் வந்த 18.04 வெளியீட்டின் வழிவந்த பதிப்பு 2019இல் பள்ளிகளுக்குக் கிடைத்தது. 2022 ஏப்ரலில் வந்த 22.04இன் வழிவந்த பதிப்பு 2024இல் கிடைத்தது. ஒரு குறை நிலையான வெளியீட்டில் புகுந்துவிட்டால், அது ஆண்டுக்கணக்கில் நம் பிள்ளைகளோடு வகுப்பறையில் உட்கார்ந்திருக்கும் என்பது இதன் பொருள். இன்று நாம் எழுதாமல் விட்ட குறையை, இப்போது மூன்றாம் வகுப்பில் படிக்கும் பிள்ளை ஏழாம் வகுப்பில் சந்திப்பாள்.

தமிழும் மலையாளமும் ஆங்கிலமும் ஒரே விசைப்பலகையில் புழங்கும் வீடு நம் வீடு. ஒரு மொழியே அறிந்த நிரலர் இக்குறையைத் தம் வாழ்நாளில் காண மாட்டார். ஆகவே, காண்பவர் நாமே எழுதியாக வேண்டும். "இது சரியில்லை" என்று கடைத்திண்ணையில் கூறுவது புலம்பல். அதனால் பயனில்லை. முறையாக எழுதினால் அதுவே தொண்டாகிறது.

எழுதும் முறை எளிது. ஒரு மடலில் ஒரு குறை மட்டும் எழுதுங்கள். முன்பே யாரேனும் எழுதியிருக்கிறார்களா என்று தேடுங்கள். எழுதியிருந்தால் அதனோடு உங்கள் அனுபவத்தைச் சேருங்கள். இயங்குதளத்தின் பெயரையும் வெளியீட்டு எண்ணையும் குறியுங்கள். என்ன செய்தீர்கள், என்ன நடக்குமென எதிர்பார்த்தீர்கள், என்ன நடந்தது என்று மூன்றையும் வரிசையாகச் சொல்லுங்கள். திரையின் படம் இருந்தால் இணையுங்கள். கடவுச்சொல்லை மட்டும் ஒருபோதும் எழுதாதீர்கள். சினமும் வேண்டாம், படிப்பவர் பெரும்பாலும் ஊதியமின்றி உழைப்பவர். ஆங்கிலம் தடுமாறினால் பள்ளிகளில் 'லிட்டில் கைட்ஸ்' மன்றத்துப் பிள்ளைகள் இருக்கிறார்கள். அவர்களைத் துணைக்கு அழையுங்கள்.

திருத்தம் வரும்வரை வீட்டில் செய்யத்தக்கவை இரண்டு. மாற்றுவழி கண்டால் அதைத் தாளில் எழுதிக் கணிப்பொறியருகே ஒட்டி வையுங்கள். அழிக்கக் கூடாத படங்களுக்கு வேறோர் இடத்தில் இன்றே படி எடுத்து வையுங்கள்.

மறுநாள் மாலை, நண்பரின் மகளும் நானும் அமர்ந்து அக்குறையை எழுதி அனுப்பினோம். மூன்றாம் நாள் பதில் வந்தது. குறையைத் தம் பொறியிலும் உண்டாக்கிப் பார்த்ததாகவும், இப்போதைய வெளியீட்டில் மாற்ற இயலாதெனவும், அடுத்ததற்கான பட்டியலில் சேர்த்ததாகவும் ஒருவர் எழுதியிருந்தார். "அப்படியானால் நமக்கு ஒன்றும் கிடைக்கவில்லையே, மாமா" என்றாள் பிள்ளை.

"உனக்குப் பின் வருபவளுக்குக் கிடைக்கும், அம்மா" என்றேன். சற்று எண்ணிப் பார்த்துவிட்டு, விசைப்பலகையில் தான் கண்ட வேறொரு குறையை எழுதத் தொடங்கினாள்.