வைஃபை இருக்கு, ஃபைல் எங்கே? லேப்டாப்பில் தெரிவதெல்லாம் லேப்டாப்பில் இருப்பதில்லை!

டெஸ்க்டாப்பில் ஃபைல் கண்ணுக்குத் தெரிகிறது. டபுள் கிளிக் செய்தால் திறக்க மறுக்கிறது. வைஃபை சின்னமோ முழுசாக எரிகிறது. என்னதான் பிரச்சினை?

2025-இன் கடைசி மாதங்களில் இப்படி மாட்டிக்கொள்ளப் பல வாய்ப்புகள் வந்தன. செப்டம்பரில் செங்கடலில் கடலடி கேபிள்கள் அறுந்து, இந்தியாவிலும் இணைய வேகம் குறைந்தது. அக்டோபர் 20 அன்று அமேசானின் கிளவுட் சேவை முடங்கியது. 29 அன்று மைக்ரோசாஃப்டின் அஷூர், நவம்பர் 18 அன்று கிளவுட்ஃபிளேர் என வரிசையாகப் படுத்தன. நம்ம ஊருக்கு மழைக்காலமே போதும். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது சென்னையின் பல பகுதிகளில் மின்சாரமும் செல்போன் சிக்னலும் நாள்கணக்கில் வரவில்லை.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடுவோம். வைஃபை வேறு, இணையம் வேறு. வைஃபை என்பது உங்கள் லேப்டாப்புக்கும் ரவுட்டருக்கும் இடையிலான தொடர்பு மட்டுமே. ரவுட்டரிலிருந்து வெளியே போகும் ஃபைபர் அறுந்தாலும், வீட்டுக்குள் வைஃபை நன்றாகவே வேலை செய்யும். இது ஒரு வசதியும்கூட. நெட் இல்லாத நேரத்திலும் ஒரே வைஃபையில் இருக்கும் இரண்டு கம்ப்யூட்டர்கள் தங்களுக்குள் ஃபைல்களைப் பகிரலாம். விண்டோஸில் அந்த நெட்வொர்க்கை ‘பிரைவேட்’ என்று மாற்றி, ஃபைல் ஷேரிங்கை ஆன் செய்ய வேண்டும். காபி ஷாப், ரயில் நிலைய வைஃபையில் மட்டும் இதைச் செய்துவிடாதீர்கள். அங்கே ‘பப்ளிக்’தான் பாதுகாப்பு.

சரி, ஃபைல் ஏன் திறக்கவில்லை? ஏனென்றால் அது உங்கள் லேப்டாப்பிலேயே இல்லை. 2017-இல் விண்டோஸ் 10-க்கு வந்த ‘ஃபைல்ஸ் ஆன் டிமாண்ட்’ வசதி, ஃபைலின் பெயரையும் ஐகானையும் மட்டும் காட்டிவிட்டு, உள்ளடக்கத்தை ஒன்டிரைவ் கிளவுடில் வைத்துக்கொள்ளும். திறக்கும்போதுதான் டவுன்லோட் ஆகும். டிஸ்க்கில் இடம் மிச்சம், நல்ல யோசனைதான். சிக்கல் அடுத்து வந்த மாற்றங்களில். புது விண்டோஸ் 11 கம்ப்யூட்டரை செட்டப் செய்யும்போது டெஸ்க்டாப், டாக்குமென்ட்ஸ், பிக்சர்ஸ் ஃபோல்டர்கள் கேட்காமலேயே ஒன்டிரைவுக்குப் போகத் தொடங்கின என்று 2024-இல் புகார்கள் எழுந்தன. 2025 ஆகஸ்டில், வேர்டில் புதிதாக உருவாக்கும் ஃபைல்களும் தானாகவே கிளவுடில் சேமிக்கப்படும் என்று மைக்ரோசாஃப்ட் அறிவித்தது. முதலில் சோதனைப் பயனர்களுக்கு.

பேக்கப் நல்லதுதான், லேப்டாப் திருடுபோனால் அதன் அருமை தெரியும். ஆனால் இலவசமாகக் கிடைப்பது 5 ஜிபி. போட்டோக்களோடு சேர்த்தால் அது சீக்கிரமே நிரம்பும், பிறகு ‘இடம் வாங்குங்கள்’ என்று நச்சரிப்பு தொடங்கும். பேக்கப்பைத் தானாக ஆன் செய்வதில் வியாபாரக் கணக்கு இல்லை என்று நம்புவது கஷ்டம்.

இந்த நச்சரிப்பைத் தாங்காமல் ஒன்டிரைவ் ஃபோல்டரில் இருக்கும் ஃபைலை டெலிட் செய்பவர்கள் உண்டு. அங்கேதான் பெரிய ஆபத்து. அங்கே டெலிட் செய்தால் கிளவுடிலும் போய்விடும், அதே கணக்கு இருக்கும் மற்ற கம்ப்யூட்டர்களிலும் போய்விடும். லேப்டாப்பில் மட்டும் இடம் வேண்டுமென்றால் ரைட் கிளிக் செய்து ‘ஃப்ரீ அப் ஸ்பேஸ்’ கொடுக்க வேண்டும். தெரியாமல் டெலிட் செய்துவிட்டீர்களா? தனிநபர் கணக்கில் ஒன்டிரைவ் ரீசைக்கிள் பின்னில் 30 நாள் வரை இருக்கும்.

எந்த ஃபைல் கையில் இருக்கிறது என்பதை ஐகானைப் பார்த்தே சொல்லிவிடலாம். நீல மேகம் என்றால் நெட் இருந்தால்தான் திறக்கும். வெள்ளை வட்டத்தில் பச்சை டிக் என்றால் இப்போதைக்கு லேப்டாப்பில் இருக்கிறது. ஆனால் ‘ஸ்டோரேஜ் சென்ஸ்’ அமைப்பைப் பொறுத்து, பல நாள் திறக்காவிட்டால் மறுபடி மேகமாகிவிடலாம். பச்சை நிரம்பிய வட்டத்தில் வெள்ளை டிக் இருந்தால் மட்டுமே நிம்மதி. முக்கியமான ஃபோல்டரை ரைட் கிளிக் செய்து ‘ஆல்வேஸ் கீப் ஆன் திஸ் டிவைஸ்’ கொடுத்தால் இந்த மூன்றாவது ஐகான் வரும்.

கூகுள் டிரைவில் கதை கொஞ்சம் வேறு. கம்ப்யூட்டர் ஆப்பில் ‘மிரர்’ தேர்வு செய்தால் பிடிஎஃப், போட்டோ எல்லாம் டிஸ்க்கில் இருக்கும். ஆனால் கூகுள் டாக்ஸ், ஷீட்ஸ் ஃபைல்கள் அப்போதும் வெறும் லிங்க்தான். அவற்றை நெட் இல்லாமல் திறக்க, டிரைவ் செட்டிங்ஸில் ‘ஆஃப்லைன்’ வசதியை நெட் இருக்கும்போதே ஆன் செய்திருக்க வேண்டும். பிரவுசிங் சென்டர் கம்ப்யூட்டரிலோ, பலர் பயன்படுத்தும் கம்ப்யூட்டரிலோ இது வேண்டவே வேண்டாம்.

மொபைல் ஹாட்ஸ்பாட்டில் வேலை பார்ப்பவர்கள், விண்டோஸில் அந்த இணைப்பை ‘மீட்டர்டு’ என்று குறித்துவிடலாம். அப்போது ஒன்டிரைவ் தானாக சிங்க் செய்வதை நிறுத்திக்கொள்ளும், டேட்டா மிச்சம். ஆனால் அந்த நேரத்தில் திருத்திய ஃபைல் கிளவுடுக்குப் போயிருக்காது. ஆபீஸில் இருப்பவர் பார்ப்பது பழைய காப்பியாக இருக்கும்.

கரண்ட் போனதும் ரவுட்டரும் அணைந்துவிடுகிறதா? ரவுட்டருக்கென்றே சின்ன யுபிஎஸ் கிடைக்கிறது. வாங்கும்போது அடாப்டரில் இருக்கும் வோல்ட், ஆம்பியர் பொருந்துகிறதா என்று பாருங்கள். ஃபைபர் பெட்டி தனியாக இருந்தால் அதற்கும் பேக்கப் வேண்டும்.

உங்கள் லேப்டாப் எந்த நிலையில் இருக்கிறது என்று தெரிந்துகொள்ள 2 நிமிடம் போதும். ஏரோபிளேன் மோடை ஆன் செய்துவிட்டு, நாளைக்குத் தேவைப்படும் நாலு ஃபைல்களைத் திறந்து பாருங்கள்.