வாடகைக் கணக்கும் அமானிதமே

 

வளைகுடாவிலும் சிங்கப்பூரிலும் பாடுபட்டுச் சேர்த்த பணத்தில் சென்னையிலோ திருச்சியிலோ ஒரு வீடோ கடையோ வாங்கி வாடகைக்கு விடுவது நம் சபுராளிகள் பலரின் வழக்கம். "நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள், மச்சான்" என்ற ஒரு சொல்லோடு மேற்பார்வை ஒப்படைக்கப்பட்டுவிடும். ஆண்டுகள் சில கழித்து, விடுமுறையில் வந்தவர் கணக்குக் கேட்பார். "என் மீதே சந்தேகமா?" என்பார் மச்சான். அத்துடன் இரு குடும்பங்களும் முகம் பார்ப்பதை நிறுத்திவிடும்.

இத்தகைய பிணக்குகளில் களவு நடந்திருப்பது அரிது. சொல்லாமல் விட்டவையே மலையாகின்றன. வீடு மூன்று மாதம் பூட்டிக் கிடந்தது தெரிவிக்கப்படவில்லை. மோட்டார் பழுது பார்த்ததற்கு ரசீது இல்லை. குடியிருப்பவர் கொடுத்த முன்பணமோ வீட்டுத் திருமணச் செலவில் கலந்துவிட்டது. அவர் காலி செய்யும் நாளில் திருப்பித் தரக் கையில் காசில்லை!

மார்க்கச் சட்டப்படி மச்சான் ஒரு வகீல். அவர் கையில் இருப்பது அமானிதம். கவனக்குறைவோ வரம்பு மீறலோ இல்லாதவரை நஷ்டத்துக்கு அவர் பொறுப்பாளி அல்லர். ஆனால் எழுத்து எதுவும் இல்லையெனில், தாம் கவனமாயிருந்ததை எதைக் கொண்டு காட்டுவார்? திருமறையின் மிக நீண்ட வசனம் (2:282) கடனை எழுதி வைப்பதைப் பற்றியதே என்பதை நினைவிற் கொள்க.

தமிழ்நாட்டில் 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த வாடகைச் சட்டமும் எழுத்து மூலமான ஒப்பந்தத்தையே கோருகிறது. உரிமையாளர் சார்பில் நிர்வகிப்பவர் யார், எந்தக் காரியங்களுக்கு அவருக்கு அதிகாரம் உண்டு என்பதைக் குடியிருப்பவருக்கு அறிவிக்க வேண்டும். ரசீது கொடுத்தே வாடகை பெற வேண்டும். வெளிநாட்டில் வசிக்கும் உரிமையாளருக்கு வாடகை தருபவர் வருமான வரியைப் பிடித்தம் செய்தே தர வேண்டும் என்பதும் பலர் அறியாத செய்தி.

இதற்கெல்லாம் ஒரு நோட்டுப் புத்தகம் போதும். வரவு, செலவு, தேதி எழுதி, மாதம் ஒருமுறை அந்தப் பக்கத்தைப் படமெடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பலாம். வீடு காலியானால் அன்றே சொல்லிவிடலாம். எவ்வளவு தொகை வரை கேளாமல் செலவிடலாம் என்பதை முன்கூட்டியே பேசிக்கொள்ளலாம்.

சபுராளிகளுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். மச்சான் தம் கடையை அடைத்துவிட்டு உங்களுக்காகச் சென்னைக்குப் பேருந்து ஏறுகிறார். நீங்களோ ஒரு சென்ட் பாட்டிலும் கோடாலித் தைலமும் கொடுத்து, ஈடு செய்துவிட்டதாக எண்ணுகிறீர்கள். அவருடைய பயணச் செலவையும் கூலியையும் முதலிலேயே பேசி முடியுங்கள்; அவையும் அதே நோட்டில் ஏறட்டும்.