ஜோடிக் கம்பியின் காப்புக்கு யார் பதில் சொல்வது?

கனரகத் தொழில் அமைச்சகம் 2024 ஆகஸ்டில் வெளியிட்ட இயந்திர, மின்சாதனப் பாதுகாப்பு ஆணையை அமல்படுத்தும் நாள் 2025 ஆகஸ்ட் 28இலிருந்து 2026 செப்டம்பர் 1க்குத் தள்ளிவைக்கப்பட்டது. கிடைத்த அவகாசத்தில் நம்மவர்கள் கார்டு, இன்டர்லாக், எமர்ஜென்சி ஸ்டாப் என்று ஓடிக்கொண்டிருக்கிறார்கள். சர்வோ கேபிள் மட்டும் கோப்பில் ஒரு பார்ட் நம்பரோடு நின்றுவிடுகிறது. பவரும் சிக்னலும் தனித்தனிக் கேபிளில் போன காலத்தில் அது போதும். ஒரே உறைக்குள் இரண்டும் போகும்போது போதாது.

ஐஇசி 60204-1இன் 13.1.3ஐ மறுபடி எடுத்துப் பாருங்கள். வெவ்வேறு வோல்டேஜில் இயங்கும் சுற்றுகள் ஒரே கேபிளில் இருக்கலாம். ஆனால் நடுவே தக்க தடுப்பு வேண்டும், இல்லையென்றால் அதில் வரக்கூடிய உச்ச வோல்டேஜுக்கு எல்லாக் கம்பிக்கும் காப்பு வேண்டும். 415 வோல்ட் டிரைவில் டிசி பஸ் 590க்கு அருகே. பிரேக்கிங்கில் 700ஐத் தாண்டும். கேபிள் நீண்டால் மோட்டார் முனையில் திரும்பி வரும் அலை வேறு சேரும். இதன் பக்கத்தில் 300 வோல்ட் காப்புள்ள சாதா டேட்டா பேரை, அதாவது ஜோடிக் கம்பியை, வைத்துச் சுற்றி, மேலே ஆரஞ்சு உறை போட்டு, 'சர்வோ ஹைப்ரிட்' என்று விற்பவர்கள் இருக்கிறார்கள். உறையில் அச்சிட்ட 1000 வோல்ட் பவர் கோருக்கு மட்டுமா, பேருக்கும் சேர்த்தா? டேட்டா ஷீட்டில் தனி வரியாக இருக்க வேண்டும். பாதி ஷீட்டில் இல்லை.

ஒற்றைக் கேபிளுக்கு நாம் எதிரி அல்ல. ஹைப்பர்ஃபேஸ் டிஎஸ்எல் போன்ற இணைப்பில் என்கோடருக்கான சப்ளையும் டேட்டாவும் அதே இரண்டு கம்பியில் போகின்றன. டிராக் செயினில் இடம் மிச்சம், கனெக்டர் பாதி. ஆனால் 9.375 மெகாபாட் ஓடும் பேருக்கு 110 ஓம் இம்பிடன்ஸ் வேண்டும். கைக்குக் கிடைத்த முறுக்குக் கம்பி ஆகாது. பேரின் ஷீல்டை முறுக்கி வால் விட்டு பிஇ டெர்மினலில் திருகுகிறவர்களை இன்னும் பார்க்கிறோம். ஷீல்டைச் சுற்றிலும் முழுதாகக் கவ்வும் கிளாம்ப் அந்த டிரைவின் அடித்தட்டிலேயே சும்மா கிடக்கும்.

இதெல்லாம் தெரிந்த சங்கதி. இந்தப் பக்கத்தில் நாம் பலமுறை எழுதியது வேறு: பின்அவுட். ஒரே எம்23 உருவம், கம்பெனிக்குக் கம்பெனி வேறு வரிசை. கேபிளின் கோர் அமைப்பும் கெபாசிட்டன்ஸும் எத்தனையோ கம்பெனிகளுக்கு 'ரகசியம்'. குறிச்சி சிட்கோவிலோ அம்பத்தூரிலோ ராத்திரி ஷிப்டில் கேபிள் செயினுக்குள் அறுந்தால், அசல் வரும்வரை இயந்திரம் நிற்க வேண்டும், அல்லது சர்வீஸ்காரர் மீட்டர் வைத்து ஒவ்வொரு பின்னாகத் தேடி வேறொரு கேபிளைக் கிரிம்ப் செய்ய வேண்டும். அந்த மாற்றுக் கேபிளின் பேர் எந்த வோல்டேஜ் தாங்கும் என்று அவருக்கு யாரும் சொல்வதில்லை. தவறு நடந்தால் மட்டும் பெயர் அவருடையது.

ஆணை எழுதியவர்களுக்கு இது தெரியாதா? இயந்திரம் கட்டுபவரிடம் இடர் மதிப்பீடு, மின்சுற்று வரைபடம், கோப்பு, தணிக்கை எல்லாம் கேட்கிறார்கள். கேபிள் விற்பவரோ, டிரைவ் விற்பவரோ பேரின் காப்பு வோல்டேஜையும் பின்அவுட்டையும் எழுதிக் கொடுக்க வேண்டும் என்று ஒரு வரி சேர்த்திருந்தால் என்ன குறைந்திருக்கும்? நாளைத் தள்ளிவைக்கத் தெரிந்தவர்களுக்கு அந்த வரி எழுத நேரம் இல்லை. சுமை முழுதும் சிறு இயந்திரக்காரன் தலையில். தகவல் மட்டும் பெரிய கம்பெனியின் அலமாரியில்.

கேட்டு வாங்குவதுதான் இப்போதைக்கு வழி. அடுத்த ஆர்டரில் பேரின் காப்பு வோல்டேஜ், இம்பிடன்ஸ், மீட்டருக்குக் கெபாசிட்டன்ஸ், செயினில் ஓடும்போதுள்ள வளைவு ஆரம், முழுப் பின்அவுட் ஐந்தையும் எழுத்தில் கேளுங்கள். தர மறுத்தால் அந்தக் கடிதத்தை அப்படியே கோப்பில் வையுங்கள். தணிக்கைக்கு வருகிறவர் அதையும் படிக்கட்டும்.