பட்டியல் இருக்கிறது, படிக்கத்தான் ஆளில்லை

சென்னையின் பள்ளிக்கரணை சதுப்பு நிலத்தில், ராம்சர் என்ற பன்னாட்டு ஈரநில ஒப்பந்தம் அங்கீகரித்த எல்லைக்குள் அடுக்குமாடிக் குடியிருப்புக்கு அனுமதி வழங்கப்பட்ட விவகாரம், 2025-இல் சென்னை உயர் நீதிமன்றத்தின் இடைக்காலத் தடைவரை சென்றது. அனுமதி செல்லுமா, செல்லாதா என்று தீர்மானிப்பது நீதிமன்றத்தின் வேலை. ஆனால், அந்தச் சர்ச்சையின்போது அரசுத் தரப்பு சொன்ன சமாதானத்தைக் கேட்டுக்கொண்டு சும்மா இருக்க முடியாது. ராம்சர் பகுதியின் எல்லையைக் களத்தில் அளந்து உறுதிசெய்யும் பணி இன்னும் முடியவில்லையாம். 2022-இல் ஏறத்தாழ 1,247 ஹெக்டேருக்குப் பன்னாட்டு அங்கீகாரம் பெற்று, அதைச் சாதனைப் பட்டியலில் சேர்த்துக்கொண்டவர்களுக்கு, மூன்று ஆண்டுகள் கழித்தும் அந்த நிலம் எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று தெரியவில்லை. தெரிந்துகொள்ளும் அவசரமும் இல்லை. இதே மாநிலத்தில்தான் ஆண்டுதோறும் மார்ச் 20 வந்தால் சிட்டுக்குருவி தினம் கொண்டாடி, பள்ளிப் பிள்ளைகளின் கையில் மரப்பெட்டிக் கூடு கொடுத்துப் படம் எடுத்துக்கொள்கிறோம். ஈரநிலத்துக்கு எல்லைக்கல் நட நேரமில்லை. குருவிக்கு வீடு கட்டித்தர நேரமிருக்கிறது.

இதற்கெல்லாம் அடியில் இருப்பது ஓர் அலட்சியம். பறவை பார்ப்பது ஓய்வுபெற்றவர்களின் பொழுதுபோக்கு, மிஞ்சிப்போனால் பள்ளி இயற்கைக் கழகத்தின் ஞாயிற்றுக்கிழமை வேலை என்றே நிர்வாகம் நினைக்கிறது. வீட்டுத் தோட்டத்திலும் மொட்டை மாடியிலும் ஏரிக்கரையிலும் நின்று சாதாரண மக்கள் எழுதும் பறவைப் பட்டியல்கள்தான், பருவநிலையும் நிலப் பயன்பாடும் மாறும்போது உயிர்களுக்கு என்ன நேர்கிறது என்பதற்கு இந்தியாவில் இன்று கிடைக்கும் மிக விரிவான சாட்சியம். 1987 முதல் ஜனவரிதோறும் தன்னார்வலர்களைக் கொண்டு நடக்கும் ஆசிய நீர்ப்பறவைகள் கணக்கெடுப்பு, பிப்ரவரியில் நான்கு நாள்கள் உலகமெங்கும் நடக்கும் தோட்டத்துப் பறவைகள் கணக்கெடுப்பு, நமக்கே உரிய பொங்கல் பறவைகள் கணக்கெடுப்பு, இவை போக அன்றாடம் இ-பேர்டு தளத்தில் ஏறும் பட்டியல்கள் என்று இந்தச் சாட்சியம் வளர்ந்துகொண்டே போகிறது. ஓர் ஈரநிலம் ராம்சர் தகுதி பெறுவதற்கான ஒன்பது அளவுகோல்களில் இரண்டு, பறவைகளின் எண்ணிக்கையை நேரடியாகக் கேட்கின்றன. 20,000 நீர்ப்பறவைகள் அங்கே வழக்கமாகத் தங்க வேண்டும். அல்லது, ஒரு நீர்ப்பறவையினத் தொகையில் 1 சதவீதமாவது அங்கே இருக்க வேண்டும். அந்த எண்களுக்காகச் சேற்றில் இறங்குபவர்களில் பெரும்பாலோர் சம்பளம் வாங்காதவர்கள். அரசின் சாதனைப் பலகைக்கு இவர்களுடைய கணக்கு வேண்டும். அனுமதிக் கோப்புக்கு மட்டும் வேண்டாம்.

கணக்கைப் படிக்காமல் பேசினால் என்ன ஆகும் என்பதற்குச் சிட்டுக்குருவியே போதும். கைபேசிக் கோபுரங்களின் கதிர்வீச்சு குருவிகளைக் கொன்றுவிட்டது என்று ஒரு தலைமுறையே நம்புகிறது. 2018-இல் வந்த '2.0' திரைப்படம் அந்த நம்பிக்கைக்கு ஒரு பறவையியலாளரின் ஆவியையே சாட்சிக்கு அழைத்தது. 2020-இல் வெளியான 'இந்தியப் பறவைகளின் நிலை' அறிக்கையோ, நாடு முழுமைக்கும் பார்த்தால் சிட்டுக்குருவி ஏறத்தாழ நிலையாக இருக்கிறது என்றது. பெருநகரங்களில் குறைந்திருப்பது உண்மைதான். கூடு வைக்க இடுக்கில்லாத கட்டடங்களும் குஞ்சுக்கு ஊட்டப் புழுபூச்சி இல்லாத தெருக்களும் கண்ணெதிரே இருக்க, கோபுரத்தை அண்ணாந்து பார்ப்பானேன்? 2023-இல் வந்த அடுத்த அறிக்கை, 30,000 ஆர்வலர்கள் தந்த 3 கோடிப் பதிவுகளைக் கொண்டு 942 இனங்களை ஆராய்ந்தது. நீண்டகாலப் போக்கைக் கணிக்க முடிந்தவை 338 இனங்கள். அவற்றில் 204 குறைந்துவிட்டன. 98 நிலையாக உள்ளன. 36 மட்டுமே பெருகியிருக்கின்றன. ஐந்தில் மூன்று சரிவில் இருக்கிறது. வயலோரக் கம்பிகளில் உட்கார்ந்திருந்து, பறக்கும்போது நீலத்தை விரித்துக் காட்டும் பனங்காடையும் அந்தச் சரிவில்தான் இருக்கிறது. உலகச் செம்பட்டியலில் அதன் நிலையை மறுஆய்வு செய்ய வேண்டும் என்றே அறிக்கை பரிந்துரைத்தது. பனங்காடைக்கு ஒரு தினம் உண்டா? அதைக் காப்பாற்றப் புறப்பட்டால் திறந்த வெளிகளையும் மேய்ச்சல் நிலங்களையும் 'தரிசு' என்று எழுதி வைத்திருக்கும் வருவாய்த் துறைப் பதிவேட்டில் கைவைக்க வேண்டியிருக்கும். அதைவிட மரப்பெட்டி சுலபம்.

பெயர் தெரியாதவர்கள் எழுதிப்போடும் பட்டியலை எப்படி நம்புவது என்று அதிகாரிகளும் சில ஆய்வாளர்களும் கேட்கிறார்கள். பட்டியலின் பலம் எதில் இருக்கிறது என்று தெரியாதவர்கள் கேட்கும் கேள்வி இது. அபூர்வப் பறவை ஒன்றைப் பார்த்தேன் என்ற தனித்த செய்திக்கு இங்கே பெரிய மதிப்பில்லை. பதினைந்து நிமிடம் நின்றால், கண்ணிலும் காதிலும் பட்ட எல்லாவற்றையும், காக்கை, மைனா, தவிட்டுக்குருவி உட்பட, எழுத வேண்டும் என்பது விதி. அப்படி முழுமையாக எழுதிய பட்டியலில் ஒரு பறவை இல்லாததும் தகவலாகிவிடுகிறது. நூறு பட்டியல்களில் எத்தனையில் ஒரு பறவை வருகிறது என்ற விகிதத்தை ஆண்டுக்கு ஆண்டு ஒப்பிட்டால் அதன் போக்கு தெரியும். அந்த ஊருக்கும் மாதத்துக்கும் பொருந்தாத பெயரோ எண்ணிக்கையோ வந்தால் தளம் தானாகவே நிறுத்திக் கேட்கும். வட்டாரத்தை அறிந்த சரிபார்ப்பாளர் படமோ ஒலிப்பதிவோ கேட்பார். 942 இனங்களை எடுத்துக்கொண்டு, 338-க்கு மட்டுமே நீண்டகாலப் போக்கைச் சொல்ல முடியும் என்று கையை விரித்த 2023 அறிக்கையின் நேர்மையைக் கவனியுங்கள். 1970-க்குப் பிறகு வட அமெரிக்கா ஏறத்தாழ 290 கோடிப் பறவைகளை இழந்துவிட்டது என்ற 2019-ஆம் ஆண்டு ஆய்வும் பெருமளவு இத்தகைய தன்னார்வலர் கணக்குகளில் எழுந்ததுதான். இரவில் வலசை போகும் கூட்டங்களைப் பதிவுசெய்த வானிலை ராடார்களும் தனியே அதே சரிவைக் காட்டின. இதற்கு மேலும் 'அமெச்சூர்' என்று உதட்டைப் பிதுக்குவது சோம்பேறித்தனம்.

பருவநிலை மாற்றத்துக்கும் இதற்கும் என்ன தொடர்பு என்று கேட்பவர்கள் மயிலைப் பார்க்கட்டும். மழை மிகுந்த கேரளத்தில் ஒரு காலத்தில் மயில் அரிது. மலைத்தொடரின் மழைமறைவுப் பக்கமான நம் ஊர்களின் பறவை அது. வெப்பமும் வறட்சியும் புதர்க்காடும் அதற்குப் பிடித்தவை. கேரளத்தின் நிலப்பரப்பில் ஏறத்தாழ 19 சதவீதம் இன்று மயில் வாழ ஏற்றதாக இருக்கிறது என்றும், 2050-க்குள் அது 40 முதல் 55 சதவீதம்வரை விரியக்கூடும் என்றும் கேரள வேளாண் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2020-இல் கணித்தார்கள். அகில இந்திய அளவில் 2000-க்குப் பிறகு மயில் 150 சதவீதத்துக்கும் மேல் பெருகியிருக்கிறது என்கிறது 2023 அறிக்கை. மயில் பெருகினால் நல்லதுதானே, தேசியப் பறவையாயிற்றே, முருகனின் வாகனமாயிற்றே என்று மகிழ்பவர்கள் கோவை, திருப்பூர் விவசாயிகளிடம் கேட்டுப் பார்க்கலாம். மயில் பெருக, நரிகள் குறைந்ததும் வேட்டைக்குத் தடை இருப்பதும்தான் காரணம் என்று சிலர் வாதிடுவார்கள். அவை இருக்கட்டும். ஆனால், தடை நாடு முழுவதற்கும் ஒன்றுதான். அது 1972-லிருந்து இருக்கிறது. ஈரமான மாநிலம் ஒன்றில், மயில் இல்லாத ஊர்களில் எல்லாம் இப்போது மயில் அகவுகிறது என்றால் அந்த மண் காய்கிறது என்று பொருள். எந்த வானிலை நிலையமும் இவ்வளவு உரக்கச் சொன்னதில்லை. கேரளம் இதைக் காதில் வாங்கியது. 2015 முதல் 2020 வரை ஆயிரத்துக்கும் மேற்பட்ட தன்னார்வலர்கள் கோடையிலும் மழைக்காலத்திலும் மாநிலம் முழுவதையும் கட்டம் கட்டமாகப் பிரித்து நடந்து, கேரளப் பறவை வரைபடத்தை உருவாக்கினார்கள். இருபது ராம்சர் தலங்கள் இருப்பதாகப் பெருமைப்படும் தமிழ்நாட்டிடம் அப்படி ஒரு வரைபடம் எங்கே?

இனி, அரசு நம்பும் ஆவணத்தின் லட்சணத்தைப் பார்ப்போம். சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டுக்குப் பெரும்பாலும் ஒரு பருவத்துத் தரவு போதும். அதுவும் மழை இல்லாத பருவமாக இருக்க வேண்டும். தமிழ்நாட்டில் வடகிழக்குப் பருவமழைதான் ஏரிகளை நிரப்புகிறது. ஊசிவால் வாத்தும் உள்ளான்களும் பூநாரைகளும் அந்தத் தண்ணீரை நம்பித்தான் இங்கே வருகின்றன. மார்ச் முதல் மே வரை ஓர் ஏரியில் ஆய்வு செய்தால், வந்த விருந்தாளிகள் கிளம்பிப் போய்க்கொண்டிருப்பார்கள் அல்லது போயே போயிருப்பார்கள். பிறகு 'முக்கியமான பறவை எதுவும் காணப்படவில்லை' என்று அறிக்கையில் எழுதுவது பொய்கூட ஆகாது. சட்டம் அனுமதித்த குருட்டுத்தனம். கட்டுமானத் திட்டங்களுக்குப் பொதுமக்கள் கருத்துக்கேட்பும் 2006 சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கையின்படி தேவையில்லை. ஆகவே, அந்த ஏரியில் பத்து ஆண்டுகளாக வாரந்தோறும் பட்டியல் எழுதிய ஒருவர் எழுந்து நின்று 'ஜனவரியில் வந்து பாருங்கள்' என்று சொல்ல மேடையே கிடையாது. கட்டணம் கொடுத்து வரவழைத்த ஆலோசகரின் சில நாள் வருகை ஆவணம் ஆகிறது. கட்டணம் வாங்காதவரின் பத்தாண்டு உழைப்பு பொழுதுபோக்கு ஆகிறது. இதை நிர்வாகக் குறைபாடு என்று மென்மையாகச் சொல்ல மனம் வரவில்லை. தெரிந்தே கண்ணை மூடிக்கொள்வது இது.

பழியை அரசின் தலையில் மட்டும் போட்டுவிட்டு நகர முடியாது. பறவை ஆர்வம் இன்று பெருகியிருப்பதாகச் சொல்லப்படுவதில் பெரும்பங்கு ஒளிப்பட மோகம். லட்சக்கணக்கில் விலையுள்ள லென்ஸ்களோடு ஒரே பறவையைச் சுற்றி இருபது பேர் நிற்கிறார்கள். பதிவுசெய்த குரலை ஒலிக்கவிட்டு இனப்பெருக்க காலத்துப் பறவையை வெளியே இழுக்கிறார்கள். கூடு தெரிய வேண்டும் என்று மறைப்பு இலையை ஒடிக்கிறார்கள். அந்தப் படங்கள் விழிப்புணர்வை உண்டாக்குகின்றன என்ற வாதத்துக்கு ஆதாரம் எதுவும் கண்ணில் படவில்லை. அழகான படம் 'எல்லாம் நலமாக இருக்கிறது' என்ற பொய்யைத்தான் பரப்புகிறது. பூநாரையின் நெருக்கப் படத்தில் அதன் பின்னால் கொட்டியிருக்கும் குப்பைமேடு வராது. அதே கேமராவால் எடுத்த சுமாரான படம், தேதியும் இடமும் சேர்ந்து ஒரு பட்டியலோடு இணைந்தால், நீதிமன்றத்திலும் நிற்கும் சான்றாகும். இயற்கையியலாளர் மா. கிருஷ்ணன் கறுப்பு வெள்ளையில் எடுத்த படங்களும், 1950 முதல் 1996-இல் மறையும்வரை ஒரே பத்திரிகைப் பத்திக்கு விடாமல் எழுதிய குறிப்புகளும் வழி காட்டியிருக்கின்றன. தெருவிலும் தோட்டத்திலும் அன்றாடம் தென்படும் எளிய உயிர்களையும் அவர் காட்டு யானைக்குக் கொடுத்த அதே கவனத்தோடு எழுதினார். விருதுப் போட்டிக்குப் படம் அனுப்புபவர்களில் எத்தனை பேர் தங்கள் வீதியின் மைனாவை எண்ணியிருப்பார்கள்?

இன்னும் இரண்டு மறுப்புகள் உண்டு. பறவைகள் குறைவதற்கு வாழிட அழிப்பும் பூச்சிக்கொல்லியும் காரணமாக இருக்கலாம், பருவநிலையின் பங்கைப் பிரித்துக் காட்டுங்கள் என்பது முதலாவது. ஏரியைத் தூர்ப்பதும், மழை ஒரே நாளில் கொட்டுவதும், வெப்பம் ஏறுவதும் ஒரே நிலத்தில் ஒரே நேரத்தில் நடக்கும்போது, பங்கு பிரித்தால்தான் நடவடிக்கை என்பது நடவடிக்கையே எடுக்காமலிருக்க உதவும் தந்திரம். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது வேளச்சேரியிலும் பெரும்பாக்கத்திலும் தேங்கிய தண்ணீர் யாரிடமும் பங்கு பிரித்துக் காட்டிவிட்டு வரவில்லை. இரண்டாவது, மனிதர்களுக்கு வீடு வேண்டாமா, பறவைதான் முக்கியமா என்பது. சதுப்பில் கட்டிய வீட்டில் முதல் தளம்வரை தண்ணீர் ஏறும்போது படகு தேடுபவர்கள் மனிதர்கள்தான். பறவை தங்கும் தாழ்நிலம் என்பது வெள்ளம் தங்கும் தாழ்நிலம்; பறவைப் பட்டியல் காசில்லாமல் கிடைக்கும் வெள்ள அபாய வரைபடம். ஆகவே, இந்தக் கேள்வியை எழுப்புபவர்கள் வீடு வாங்குபவர்களுக்காகப் பேசவில்லை, விற்பவர்களுக்காகப் பேசுகிறார்கள்.

செய்ய வேண்டியது கடினமானது அல்ல. புதிய சட்டமும் வேண்டாம். பல்லுயிர்ப் பெருக்கச் சட்டம் 2002-இன்படி ஒவ்வோர் உள்ளாட்சியும் மக்கள் பல்லுயிர்ப் பதிவேடு வைத்திருக்க வேண்டும். தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2020 ஜனவரி இறுதி என்று கெடு வைத்து, மாதம் 10 லட்சம் ரூபாய் அபராதம் என்று மிரட்டிய பிறகுதான் நாடு முழுவதும் அந்தப் பதிவேடுகள் அவசர அவசரமாக நிரப்பப்பட்டன. அவற்றை உயிருள்ள ஆவணமாக்க ஒரே வழி, அந்தந்த ஊரின் பறவைப் பட்டியல்களை ஆண்டுதோறும் அவற்றில் ஏற்றுவது. அடுத்து, எந்த ஈரநிலத்தின் அருகிலும் கட்டுமான அனுமதி கோரினால், அந்த இடத்தின் பத்தாண்டுப் பட்டியலையும் நவம்பர் முதல் பிப்ரவரி வரையிலான களக் கணக்கையும் விண்ணப்பத்தோடு இணைக்க வேண்டும். அவற்றை ஏற்க மறுக்கும் அதிகாரி காரணத்தை எழுத்தில் தர வேண்டும். இந்த ஒரு விதி இருந்திருந்தால் பள்ளிக்கரணைக் கோப்பு முதல் மேசையைத் தாண்டியிருக்காது. தென்சென்னையின் வெள்ளத்தையும் குறைத்திருக்கலாம். 2017-ஆம் ஆண்டு ஈரநில விதிகள், எந்த ஈரநிலத்தில் எதை அனுமதிப்பது, எதை ஒழுங்குபடுத்துவது என்று வகுக்கும் பொறுப்பை மாநில ஈரநில ஆணையத்திடம் ஏற்கெனவே கொடுத்திருக்கின்றன. டெல்லியின் ஒப்புதலுக்கோ பன்னாட்டு மாநாட்டுக்கோ காத்திருக்க வேண்டியதில்லை. அடுத்த வலசைப் பருவம் தொடங்கும் அக்டோபருக்குள் ஆணையம் அந்த விதியை வகுக்க வேண்டும். வகுக்காவிட்டால், ஏன் முடியவில்லை என்பதைப் பொதுவெளியில் சொல்ல வேண்டும்.