வாக்குப் பெட்டியும் வாழ்க்கைத் துணையும்

‘மக்கள் தீர்ப்பே மகேசன் தீர்ப்பு’ என்னும் வாசகம் நம் மேடைகளில் பல்லாண்டுகளாக முழங்கி வருகிறது. ஆளவந்தோர் மக்களுக்குக் கட்டுப்பட்டவரே என்பதை நினைவூட்ட அது பயன்பட்டது. அவ்வளவில் அது போற்றத்தக்கதே. ஆயினும், எவ்வளவு நல்ல மருந்தும் எல்லா நோய்க்கும் மருந்தாகி விடாது. நாட்டை ஆள்பவர் யார் என்று கேட்டால் மக்கள் தீர்ப்புச் சொல்லலாம். வரிப்பணத்தில் பாலம் கட்டுவதா, பள்ளி கட்டுவதா என்று கேட்டாலும் சொல்லலாம். அடுத்த வீட்டில் வாழும் இருவர் ஒருவருக்கொருவர் வாழ்க்கைத் துணையாகலாமா என்று கேட்டால், அதற்கும் வாக்குப் பெட்டிதான் விடை சொல்ல வேண்டுமா?

இது கற்பனைக் கேள்வி அன்று. அமெரிக்க ஐக்கிய நாடுகளில் 1998 முதல் 2012 வரை மாநிலத்துக்கு மாநிலம் கேட்கப்பட்ட கேள்வி. ஒரே பாலினத்தைச் சேர்ந்த இருவரின் திருமணத்தைத் தடை செய்வதற்கென்றே அரசியலமைப்புத் திருத்தங்கள் பொதுவாக்கெடுப்புக்கு விடப்பட்டன. 2004ஆம் ஆண்டில் மட்டும் பதின்மூன்று மாநிலங்கள் அத்தகைய தடையை ஏற்றன. 2012க்குள் ஏறத்தாழ முப்பது மாநிலங்களில் அவ்வாறே முடிவாயிற்று. மக்கள் பேசிவிட்டார்கள், இனிப் பேச்சில்லை என்றனர் தடையை வேண்டியோர்.

அவ்வாக்குகள் எங்கே போய் விழுந்தன என்பதைக் காண்போம். ஒகாயோ மாநிலத்தின் சின்சினாட்டி நகரில் ஜிம் ஓபர்கெஃபெல், ஜான் ஆர்தர் என்னும் இருவர் இருபது ஆண்டுகளாக ஒரே இல்லத்தில் இணைந்து வாழ்ந்தனர். ஆர்தரைத் தசைகளைப் படிப்படியாகச் செயலிழக்கச் செய்யும் கொடிய நரம்பு நோய் பற்றியது. அவர் படுத்த படுக்கையானார். இறப்பதற்குள் மணம் புரிந்து கொள்ள வேண்டும் என்பது இருவரின் விருப்பம். ஆனால் ஒகாயோவில் வழியில்லை. 2004ஆம் ஆண்டிலேயே அம்மாநில வாக்காளர்களில் ஏறத்தாழ 62 விழுக்காட்டினர் அந்தக் கதவைச் சாத்தியிருந்தனர்.

2013 சூலை 11ஆம் நாள், நண்பர்களும் உறவினரும் திரட்டிய பணத்தில், மருத்துவ வசதி கொண்ட சிறிய விமானம் ஒன்று அவ்விருவரையும் மேரிலாந்து மாநிலத்துக்குக் கொண்டு சென்றது. பால்டிமோர் விமான நிலையத்தின் ஓடுதளப் பகுதியில், விமானத்தை விட்டு இறங்காமலேயே, நோயாளி படுத்திருந்த நிலையிலேயே திருமணம் நடந்தது. சில நிமிடங்களில் முடிந்த மணவிழா. பிறகு அதே விமானத்தில் வீடு திரும்பினர். மேரிலாந்தில் அத்திருமணம் செல்லும். அங்கு 2012ஆம் ஆண்டு வாக்கெடுப்பில் ஏறத்தாழ 52 விழுக்காட்டினர் அதனை ஏற்றிருந்தனர். ஒகாயோவின் எல்லைக்குள் விமானம் நுழைந்ததும் அதே திருமணம் சட்டத்தின் கண்ணில் மறைந்து போயிற்று. மனிதர் அவர்களே, அன்பும் அதுவே, மாறியது காலடியில் இருந்த மண் மட்டுமே. மகேசன் தீர்ப்பு மாநில எல்லையில் மாறுமோ?

அவர்கள் கேட்டது பெரிதாக ஒன்றுமில்லை. ஆர்தர் இறந்த பின் எழுதப்படும் இறப்புச் சான்றிதழில் ‘மணமானவர்’ என்று குறிக்க வேண்டும். துணைவரின் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் ஓபர்கெஃபெல் பெயர் இருக்க வேண்டும். இவ்வளவே. அந்த ஒரு வரிக்காக அவர்கள் நீதிமன்றப் படியேறினர். கூட்டாட்சி மாவட்ட நீதிமன்றம் அவர்களுக்கு ஆதரவாக ஆணையிட்டது. அதே ஆண்டு அக்டோபர் 22ஆம் நாள் ஆர்தர் காலமானார். வழக்கு அவரோடு முடியவில்லை. 2014 நவம்பரில் மேல்முறையீட்டு நீதிமன்றம் தீர்ப்பை மாற்றியது. இத்தகைய சமூக மாற்றத்தை நீதிபதிகளைவிட மக்களே தம் வாக்கினால் செய்வது நன்று என்பது அங்குச் சொல்லப்பட்ட கருத்து.

கேட்பதற்கு இனிய கருத்துத்தான். பொறுத்திருங்கள், அண்டை அயலாரிடம் பேசுங்கள், அவர்கள் மனம் மாறும், அன்று உங்கள் உரிமை தானே வரும் என்று சொல்கிறது அது. ஆனால் அதைக் கேட்டுக்கொண்டிருப்பவர் யார்? நாள்களை எண்ணிக்கொண்டு கிடந்த நோயாளி. ஊரார் மனம் மாறும்வரை காத்திருக்க அவருக்கு உயிர் இருந்ததா? காத்திருப்பவனுக்குத்தான் காலத்தின் கனம் தெரியும். ‘பொறு’ என்று சொல்பவனுக்கு அதில் இழப்பு ஏதுமில்லை.

மக்கள் மனம் எவ்வளவு விரைவில் மாறும் என்பதையும் வரலாறு காட்டியிருக்கிறது. வெள்ளையரும் கறுப்பரும் மணந்து கொள்வதைத் தடுத்த சட்டங்களை அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1967ஆம் ஆண்டில் ஒழித்தது. மறு ஆண்டு எடுக்கப்பட்ட காலப் கருத்துக் கணிப்பில் அத்தகைய திருமணத்தை ஏற்றவர்கள் 20 விழுக்காட்டினரே. அலபாமா மாநில அரசியலமைப்பில் எழுதப்பட்டிருந்த அந்தத் தடை, செல்லாக்காசாகி 33 ஆண்டுகள் ஆன பின்பே, 2000ஆம் ஆண்டு வாக்கெடுப்பில் நீக்கப்பட்டது. அப்போதும் ஏறத்தாழ 40 விழுக்காட்டினர் அது இருக்கட்டும் என்றே வாக்களித்தனர். 1967இல் நீதிமன்றம் ‘மக்களே முடிவு செய்யட்டும்’ என்று கைகழுவியிருந்தால், எத்தனை இணையர் முதுமையெய்தி மறைந்திருப்பர்!

தடையை ஆதரித்தோர் மற்றொன்றும் சொன்னார்கள். “நாங்கள் எவருக்கும் பகைவர் அல்லோம், திருமணம் என்னும் தொன்மையான சொல்லைக் காக்கவே முனைகிறோம்” என்றனர். சொல்லைக் காப்பது மட்டுமே நோக்கமாயின், வேறு பெயரில் அமையும் குடிமை இணைவை விட்டுவைத்திருக்கலாம் அன்றோ? நெபராஸ்கா 2000ஆம் ஆண்டிலேயே திருமணத்தோடு குடிமை இணைவையும் சேர்த்துத் தடுத்தது. 2012 மே மாதத்தில் வட கரோலினாவும் அதையே செய்தது. மிச்சிகனில் 2004ஆம் ஆண்டுத் திருத்தம் பணியாளரின் மருத்துவச் சலுகைகளைத் தொடாது என்று அதன் ஆதரவாளர்கள் வாக்காளர்களுக்கு உறுதி கூறினர். 2008இல் அம்மாநில உச்ச நீதிமன்றம் அந்தத் திருத்தத்தைக் காட்டியே, அரசுப் பணியாளரின் ஒருபால் துணைவருக்குத் துணைவர் என்னும் முறையில் மருத்துவக் காப்புறுதி வழங்கலாகாது என்று தீர்ப்பளித்தது. பெயரைக் காக்கப் புறப்பட்டவர்கள் நோயாளியின் மருந்தில் கைவைத்த கதை இது.

இனி, முதன்மையான வாதத்துக்கு வருவோம். “குடியாட்சியில் பெரும்பான்மையோர் முடிவு செய்யாமல் வேறு யார் முடிவு செய்வது? தேர்தலில் நிற்காத நீதிபதிகளா?” என்று கேட்கின்றனர். எளிதில் தள்ளிவிடக் கூடிய கேள்வி அன்று இது. ஓபர்கெஃபெல் வழக்கில் 2015 சூன் 26ஆம் நாள் உச்ச நீதிமன்றம் ஐந்துக்கு நான்கு என்னும் கணக்கில்தான் நாடு முழுமைக்கும் அவ்வுரிமையை உறுதி செய்தது. ஐந்து பேரின் வாக்கும் வாக்குத்தானே என்பர்.

வேறுபாடு எண்ணிக்கையில் இல்லை. காரணம் சொல்வதில் இருக்கிறது. நீதிபதி தம் முடிவுக்குக் காரணம் எழுத வேண்டும். மாறுபட்டவரும் தம் காரணத்தை எழுதுவார். இரண்டையும் உலகம் படித்து எடைபோடும். வாக்காளர் எவருக்கும் காரணம் சொல்ல வேண்டியதில்லை. வெறுப்பினால் வாக்களித்தாலும், அறியாமையால் வாக்களித்தாலும், ஆழ்ந்த நம்பிக்கையால் வாக்களித்தாலும் சீட்டு ஒன்றுதான், மதிப்பும் ஒன்றுதான். வாக்குப் பெட்டிக்கு வாய் உண்டு. ஏன் என்று கேட்கும் நாக்கு இல்லை. தலைவரைத் தேர்ந்தெடுக்க அது போதும். பிறருடைய வாழ்வைப் பறிக்க அது போதாது. ஒருவரிடமிருந்து ஒன்றைப் பறிப்பவர் காரணம் சொல்லக் கடமைப்பட்டவர்.

காரணம் கேட்கப்பட்டபோது என்ன நடந்தது என்பதையும் கலிபோர்னியா காட்டியது. 2008 நவம்பரில் அங்கு எட்டாம் முன்மொழிவு 52 விழுக்காட்டு வாக்குகளால் வென்றது. அதற்கு முந்திய சில மாதங்களில் ஏறத்தாழ 18,000 இணையர் சட்டப்படி மணம் புரிந்திருந்தனர். அவர்களுக்குத் திறந்திருந்த கதவு அடுத்து வந்தவர்களுக்கு அடைபட்டது. வழக்கு சான்பிரான்சிஸ்கோ கூட்டாட்சி நீதிமன்றத்துக்கு வந்தது. ஒருபாலர் மணத்தால் ஆண் பெண் திருமணத்துக்கு என்ன கேடு விளையும் என்று, விசாரணைக்கு முந்திய அமர்வொன்றில், நீதிபதி வாக்கர் கேட்டார். தமக்குத் தெரியாது என்பதே தடை ஆதரவாளரின் வழக்கறிஞர் தந்த விடை. 2010 விசாரணையில் அத்தரப்பினர் நிறுத்திய சாட்சிகள் இருவரே. அவர்களுள் ஒருவரான டேவிட் பிளாங்கன்ஹார்ன், 2012ஆம் ஆண்டில் தம் நிலையை மாற்றிக்கொண்டு ஒருபாலர் திருமணத்தை ஏற்பதாக வெளிப்படையாக எழுதினார். பல இலட்சம் வாக்குகளால் நிலைநாட்டப்பட்ட தடை, ‘ஏன்?’ என்னும் ஒரு சொல்லுக்கு முன்னால் தடுமாறியது. பெட்டிக்குள் பெரிதாக இருந்தது, வெளிச்சத்தில் சிறுத்துப் போயிற்று.

நன்மை தரும் முடிவு வாக்கினால் வந்தால் மகிழக் கூடாதா என்று கேட்கலாம். மகிழலாம். அயர்லாந்து மக்கள் 2015 மே 22ஆம் நாள் 62 விழுக்காட்டு வாக்குகளால் ஒருபாலர் திருமணத்தை ஏற்றனர். அந்நாட்டில் அரசியலமைப்பைத் திருத்த வாக்கெடுப்பன்றி வேறு வழியில்லை. நல்ல உள்ளங்கள் நல்ல முடிவு செய்தன. ஆயினும், அந்த முடிவுக்காகப் பலர் தம் அந்தரங்க வாழ்வைத் தெருத்தெருவாகச் சுமந்து சென்று, முன்பின் அறியாதவர் வாசலில் நின்று ஒப்புதல் வேண்டினர். நம்முள் எத்தனை பேர் நம் திருமணத்துக்கு அவ்வாறு ஊராரிடம் கையேந்தினோம்? வென்றாலும் அது இரந்து பெற்ற வெற்றியே.

எனினும் ஒன்று: வாக்கினால் பூட்டிய பூட்டை வாக்கினால் திறப்பது கடன் தீர்ப்பதாகும். நெவாடா 2020இலும், கலிபோர்னியா 2024இலும் தம் அரசியலமைப்பில் இருந்த தடையை வாக்கெடுப்பின் மூலம் தாமே நீக்கின. இன்னும் பல மாநிலங்களில் அந்த வாசகங்கள் செல்லாமல் கிடக்கின்றன, ஆனால் அழிக்கப்படவில்லை. 2015ஆம் ஆண்டுத் தீர்ப்பு என்றேனும் புரட்டப்பட்டால் அவை உயிர்பெற்று எழக் கூடும். உறைக்குள் இருந்தாலும் வாள் வாள்தான்.

சிறுபான்மையாய் வாழ்ந்து பழகிய நமக்கு இவ்வுண்மையைப் பிறர் விளக்க வேண்டியதில்லை. எண்ணிக்கை ஒன்றே நியாயம் என்றால், எந்த நாட்டிலும் சிறு தொகையினர் தம் மொழியையும் வழிபாட்டையும் தேர்தல்தோறும் அடகுவைத்து மீட்க வேண்டியிருக்கும். ஒருபாலர் திருமணம் சிலர் நம்பிக்கைக்கு ஒவ்வாததாக இருக்கலாம். ஒவ்வாதவர் அத்தகைய திருமணம் செய்துகொள்ள வேண்டா; தம் வழிபாட்டிடத்தில் அதனை நடத்தவும் வேண்டா. அரசின் பதிவேடோ எல்லார் வரியிலும் எழுதப்படுவது. அதில் ஒருவர் பெயரை எழுத மற்றவர் கை உயர்த்த வேண்டும் என்பது முறையன்று. 1943ஆம் ஆண்டிலேயே, கொடிவணக்கம் செய்ய மறுத்த யெகோவாவின் சாட்சிகள் சமயத்துப் பிள்ளைகளின் வழக்கில், அடிப்படை உரிமைகள் வாக்கெடுப்புக்கு உரியவை அல்ல என்று நீதிபதி ராபர்ட் ஜாக்சன் எழுதினார். அன்று காக்கப்பட்டது ஒரு சிறிய சமயத்தாரின் உரிமை என்பதைச் சமயத்தின் பெயரால் தடை கேட்போர் நினைவில் கொள்ள வேண்டும்.

ஜான் ஆர்தரின் இறப்புச் சான்றிதழில் அவர் மணமானவர் என்றே பதிவாயிற்று. உச்ச நீதிமன்றத் தீர்ப்பு அதனை நிலைபெறச் செய்தது. அவ்வரியால் ஒகாயோவின் எந்த வீட்டில் அடுப்பு அணைந்தது? எந்தத் தாலி அறுந்தது? ஒன்றுமில்லை. துணையை இழந்த ஒரு மனிதருக்குத் தம் இழப்பின் பெயர் கிடைத்தது, அவ்வளவே. அந்த ஒரு வரியைத் தடுக்க இலட்சக்கணக்கானோர் வரிசையில் நின்றனர் என்பதே நாம் மறக்கக் கூடாதது. நாளை நம் கையில் அத்தகைய சீட்டு ஒன்று தரப்படுமானால், ஆம், இல்லை என்பதற்கு முன்னர் நாம் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு: இதைச் சொல்ல நான் யார்?