75 வாட்டுக்குள் ஒரு கார்டு

சென்னை அண்ணா சாலையிலிருந்து உள்ளே திரும்பினால் ரிச்சி தெரு. அங்கே செகண்ட் ஹேண்ட் கடைகளில் கறுப்புப் பெட்டிகள் அடுக்கி வைக்கப்பட்டிருக்கும். டெல் ஆப்டிபிளெக்ஸ், எச்பி எலைட்டெஸ்க், லெனோவா திங்க்சென்டர். ஏதோ ஓர் அலுவலகத்தில் சில வருஷம் எக்செல் பார்த்துவிட்டு வெளியே வந்தவை. 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு விண்டோஸ் 10-க்கான ஆதரவை மைக்ரோசாஃப்ட் நிறுத்திக்கொண்டது. விண்டோஸ் 11-க்கு இன்டெல் பிராசசர் என்றால் பெரும்பாலும் 8-ஆம் தலைமுறையாவது வேண்டும். 6, 7-ஆம் தலைமுறைப் பெட்டிகளைக் கம்பெனிகள் கழித்துக் கட்டுவதற்கு இது ஒரு காரணம். பெட்டியில் குறை சொல்ல ஒன்றுமில்லை. உறுதியான கட்டுமானம், அதிகம் சத்தம் போடாத ஃபேன், கைக்கு அடங்கும் விலை. பிளஸ் டூ முடித்த பையனுக்கு அப்பா வாங்கித் தரும் முதல் கம்ப்யூட்டர் பல வீடுகளில் இதுதான்.

வந்த ஒரு வாரத்தில் பையன் ஆரம்பிப்பான்: "ஒரு கிராபிக்ஸ் கார்டு மட்டும் போட்டா போதும்ப்பா."

எந்தக் கார்டு என்று யூடியூபில் தேடுவதற்கு முன்னால் அவன் பெட்டியின் பக்கக் கதவைக் கழற்றி, பெட்டிக்கு மின்சாரம் தரும் எஸ்எம்பிஎஸ் மேல் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரைப் படிக்க வேண்டும். ஆப்டிபிளெக்ஸ் 7010-இன் சின்னப் பெட்டியில் 240 வாட். 9020-இல் 255. பின்னால் வந்த 7040, 3050 சின்னப் பெட்டிகளில் வெறும் 180. டவர் என்றால் கொஞ்சம் தாராளம். 9020 டவரில் 290 வாட் உண்டு. "எஸ்எம்பிஎஸ்ஸையே மாத்திடலாம் தம்பி" என்று சொல்கிற கடைக்காரரும் இருப்பார். சின்னப் பெட்டிக்குள் சாதாரண ஏடிஎக்ஸ் எஸ்எம்பிஎஸ் நுழையவே நுழையாது. டவரில் நுழைந்தாலும், 9020 காலத்திலேயே டெல் வழக்கமான 24 பின் இணைப்பை விட்டுவிட்டுத் தனக்கென்று ஓர் 8 பின் இணைப்பு வைத்துக்கொண்டது. அதற்கு மாற்று ஒயர் தேடி அலைய வேண்டும்.

எஸ்எம்பிஎஸ்ஸை அப்படியே வைத்துக்கொள்வது என்று முடிவானால், தேர்வுப் பட்டியல் சட்டென்று சுருங்கிவிடும். மதர்போர்டில் உள்ள நீளமான பிசிஐ எக்ஸ்பிரஸ் ஸ்லாட் அதிகபட்சம் 75 வாட் தரும். அதில் 66 வாட் 12 வோல்ட் வழியாக, மீதி 3.3 வோல்ட் வழியாக. அதற்கு மேல் கேட்கும் கார்டுகளின் தலையில் 6 பின்னோ 8 பின்னோ தனி சாக்கெட் இருக்கும். 6 பின் இன்னொரு 75 வாட்டும் 8 பின் 150 வாட்டும் கொண்டுவரும். அலுவலகப் பெட்டிகளின் எஸ்எம்பிஎஸ்ஸில் அந்த ஒயர் அநேகமாக இருக்காது. ஆகவே தலையில் சாக்கெட் இல்லாத கார்டு மட்டுமே இதற்கு ஆகும். சில சின்னப் பெட்டிகளில் அந்த 75 வாட்டையும் முழுதாகத் தராமல் தயாரிப்பாளரே குறைத்து வைத்திருப்பார். மாடலின் கையேட்டைப் பார்த்துவிடுவது நல்லது.

சாட்டா ஒயரை 6 பின்னாக மாற்றும் அடாப்டர் சொற்ப விலைக்குக் கிடைக்கிறது. வாங்கவே கூடாது. ஹார்ட் டிஸ்க்குக்குப் போகும் சாட்டா இணைப்பில் 12 வோல்ட்டுக்கு மூன்று பின்கள், பின்னுக்கு ஒன்றரை ஆம்பியர். மொத்தம் 54 வாட். அதை 75 வாட் கேட்கும் சாக்கெட்டில் செருகினால் பிளாஸ்டிக் உருகுவதில் ஆச்சரியம் இல்லை.

இன்னொரு பயம் தேவையில்லாதது. ஜிடிஎக்ஸ் 1050 டிஐ, 1650 இரண்டுக்குமே 300 வாட் எஸ்எம்பிஎஸ் வேண்டும் என்று என்விடியா சொல்கிறது. அதைப் படித்துவிட்டு 240 வாட் பெட்டிக்காரர்கள் பின்வாங்கிவிடுகிறார்கள். வாங்குபவரிடம் என்ன பிராசசர் இருக்கிறது, எஸ்எம்பிஎஸ் எவ்வளவு மட்டம் என்று தெரியாத கம்பெனி பாதுகாப்புக்காகச் சொல்லும் எண் அது. கையில் இருக்கும் பெட்டியைக் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ஐ5 6500 பிராசசர் 65 வாட். கார்டு 75. மதர்போர்டு, ராம், எஸ்எஸ்டி, ஃபேன் எல்லாம் சேர்த்து ஒரு 30. ஆக 170. 240 வாட் எஸ்எம்பிஎஸ் இதைச் சிரமமில்லாமல் தாங்கும். 180 வாட் பெட்டியில் நெருக்கடி. அங்கே 50 வாட்டையொட்டிய கார்டோடு நிறுத்திக்கொள்வதுதான் புத்திசாலித்தனம்.

மின்சாரம் சரி. இடம் இருக்கிறதா? சின்னப் பெட்டியில் கார்டின் இரும்புப் பட்டை சுமார் 8 சென்டிமீட்டர் உயரம்தான் இருக்கலாம். வழக்கமான கார்டில் அது 12. 'லோ புரொஃபைல்' என்று கேட்டு வாங்க வேண்டும். அந்தக் குட்டிப் பட்டை டப்பாவுக்குள் தனியாக இருக்கும். பழைய கார்டு என்றால் அது தொலைந்துபோயிருக்கும். விற்பவர் "அது ஒண்ணும் பெரிய விஷயமில்ல சார்" என்பார். பெரிய விஷயம்தான். பட்டை இல்லாவிட்டால் கார்டைப் பெட்டியோடு பிடித்து நிறுத்த ஒன்றும் இல்லை. இன்னொன்று, சில டெல் சின்னப் பெட்டிகளில் நீள ஸ்லாட் எஸ்எம்பிஎஸ்ஸை ஒட்டியே இருக்கும். இரண்டு ஸ்லாட் தடிமன் உள்ள கார்டு அங்கே இடித்துக்கொண்டு நிற்கும்.

இந்தப் பெட்டிகளுக்குப் புது வாழ்வு கொடுத்த கார்டு ஜிடிஎக்ஸ் 750 டிஐ. 2014 பிப்ரவரியில் 149 டாலருக்கு வந்தது. மேக்ஸ்வெல் என்ற புது வடிவமைப்பை என்விடியா பெரிய கார்டுகளில் இறக்காமல் முதலில் இதில்தான் இறக்கியது. 60 வாட்டுக்குள் அன்றைய விளையாட்டுகளை ஓட்டிக் காட்டியது. 2016 அக்டோபரில் 1050 டிஐ, 4 ஜிபி நினைவகத்தோடு 75 வாட்டில். 2019 ஏப்ரலில் 1650, அதே 75 வாட்டில் இன்னும் வேகமாக. பழைய கார்டுச் சந்தையில் இன்றும் கைமாறிக்கொண்டிருப்பவை இவை. ஒரே எச்சரிக்கை: 1050 டிஐ, 1650 இரண்டிலும் வேகம் கூட்டிய சில பதிப்புகளுக்கு 6 பின் உண்டு. பெயரை நம்பாமல் கார்டின் ஓரத்தைத் திருப்பிப் பார்க்க வேண்டும்.

பெயரை நம்பி ஏமாறுவதற்கு ஜிடி 1030-ஐ விஞ்சிய உதாரணம் இல்லை. 2017-இல் வந்தபோது ஜிடிடிஆர்5 நினைவகம், நொடிக்கு 48 ஜிபி தகவல் போக்குவரத்து. அடுத்த வருஷமே டிடிஆர்4 போட்டு இன்னொரு பதிப்பு. அதில் 17 ஜிபியைக்கூடத் தொடாது. டப்பாவில் அதே ஜிடி 1030 என்ற பெயர்தான். மூன்றில் ஒரு பங்கு வேகத்துக்கு ஒரே பெயரை வைத்தது வாங்குபவனை மதிக்காத வேலை. நல்ல பதிப்பாகவே இருந்தாலும் அதில் வீடியோ என்கோடர் கிடையாது. எடிட்டிங் என்று சொல்லிக்கொண்டு இதை வாங்கக் காரணமே இல்லை.

ஏஎம்டியின் ஆர்எக்ஸ் 6400 முதல் பார்வைக்கு இந்தப் பெட்டிகளுக்கென்றே செய்தது போலத் தெரியும். 53 வாட், ஒற்றை ஸ்லாட் லோ புரொஃபைல், 4 ஜிபி. ஆனால் ஸ்லாட்டின் 16 தடங்களில் நான்கைத்தான் அது பயன்படுத்துகிறது. பிசிஐ எக்ஸ்பிரஸ் 4 உள்ள புதிய மதர்போர்டில் நான்கு தடம் போதும். 6-ஆம் தலைமுறைப் பெட்டியில் இருப்பது 3-ஆம் பதிப்பு, அதில் பாதி வேகம். அதற்கும் முந்திய, 2-ஆம் பதிப்போடு நின்றுவிட்ட பெட்டிகளில் கால்வாசி. கார்டின் 4 ஜிபி நிரம்பி, விளையாட்டு மெயின் ராமைத் தொட ஆரம்பிக்கும்போது படம் திக்கித் திக்கி ஓடும். மலிவான கார்டு தேடுகிறவனிடம் இருப்பது பழைய பெட்டிதான் என்பதை ஏஎம்டி யோசித்ததாகத் தெரியவில்லை. வீடியோ என்கோடர் இதிலும் இல்லை. ஆனால் ஐ5-க்குள்ளேயே இன்டெலின் குயிக் சிங்க் உண்டு. பயாஸில் உள்கட்டு கிராபிக்ஸை அணைக்காமல் வைத்தால் அந்த வேலையை அது பார்த்துக்கொள்ளும்.

இன்டெல் ஆர்க் ஏ310, ஏ380 கதை வேறு. ஏவி1 வீடியோவை என்கோடு செய்வதில் இந்த விலைக்கு நல்ல கார்டுகள். ஆனால் ரீசைசபிள் பார் என்ற வசதி மதர்போர்டில் இல்லையென்றால் விளையாட்டில் கடுமையாகப் பின்தங்கிவிடும். இன்டெலே 10-ஆம் தலைமுறைக்கு மேல்தான் பரிந்துரைக்கிறது. ஐ5 6500-க்கு இவை வேண்டாம்.

180 வாட் சின்னப் பெட்டிக்கு எடுபடுபவை, விளையாட்டுப் பிரியர்கள் அதிகம் திரும்பிப் பார்க்காத வொர்க்ஸ்டேஷன் கார்டுகள். என்விடியா டி600, 40 வாட். டி1000, 50 வாட்; 1650-இல் இருக்கும் அதே 896 கோர். ஒற்றை ஸ்லாட், லோ புரொஃபைல். வாயில் மட்டும் மினி டிஸ்பிளேபோர்ட்தான் இருக்கும், மானிட்டருக்கு மாற்று ஒயர் வேண்டும். அதைச் சேர்த்துப் பேரம் பேசிக்கொள்ளலாம்.

டவர் வைத்திருப்பவர், காசும் இருக்கிறது என்றால், ஆர்டிஎக்ஸ் 3050-இன் 6 ஜிபி பதிப்பு. 2024 பிப்ரவரியில் வந்தது, 70 வாட். இங்கும் பெயர்க் குழப்பம்: 2022-இல் வந்த 8 ஜிபி 3050 என்பது 130 வாட் எடுக்கும் வேறு கார்டு. இதற்குச் சாதகமாக ஒன்று: ரே டிரேசிங் என்ற ஒளிக் கணக்கீட்டு வசதி இல்லாத கார்டில் 'இண்டியானா ஜோன்ஸ் அண்ட் தி கிரேட் சர்க்கிள்' போன்ற விளையாட்டு திறக்கவே திறக்காது. 1650-இல் அந்த வசதி இல்லை, 3050-இல் உண்டு. புதிதாக வாங்கினால் பல நேரம் கார்டின் விலை பெட்டியின் விலையைத் தாண்டிவிடும் என்பதுதான் இடிக்கிறது. அந்த நிலையில் அப்பா தயங்குவது நியாயம்தான்.

750 டிஐ, 1050 டிஐ இரண்டுக்கும் காலமும் முடிந்துவிட்டது. 750 டிஐ-யின் மேக்ஸ்வெல், 1050 டிஐ-யின் பாஸ்கல் வடிவமைப்புக் கார்டுகளுக்கான விளையாட்டு டிரைவர்களை 2025 அக்டோபரோடு நிறுத்துவதாக என்விடியா அறிவித்தது. 2028 அக்டோபர் வரை பாதுகாப்புத் திருத்தம் மட்டும். வீட்டில் ஏற்கெனவே இருந்தால் ஓட்டிக்கொள்ளலாம். இனிமேல் காசு கொடுத்து வாங்குகிறவர் 1650-லிருந்து பார்ப்பது நல்லது.

மலிவாக வரும் 1050 டிஐ-யில் போலியும் உண்டு. ஜிடிஎஸ் 450, ஜிடிஎக்ஸ் 550 டிஐ போன்ற 2010, 2011 காலத்துக் கார்டுகளின் பயாஸை மாற்றி எழுதி, விண்டோஸில் 1050 டிஐ என்று காட்டும்படி செய்துவிடுகிறார்கள். கண்ணாலேயே பிடிக்க ஒரு வழி இருக்கிறது. பின்பக்கம் நீல நிற விஜிஏ வாய் இருந்தால் சந்தேகப்படலாம். பாஸ்கல் சிப்புகளில் அனலாக் வெளியீடே கிடையாது. நம் ஊரில் பழைய விஜிஏ மானிட்டர் இன்னும் புழக்கத்தில் இருப்பதால் அந்த வாயைப் பார்த்ததும் "அட, நம்ம மானிட்டருக்கே செட் ஆகுதே" என்று சந்தோஷப்படுகிறவர்தான் மாட்டுவார். காசு கொடுக்குமுன் கடையிலேயே கார்டைப் போட்டு ஜிபியு-இசட் என்ற இலவச மென்பொருளை ஓட்டச் சொல்ல வேண்டும். 2018-இல் வந்த 2.12 பதிப்பிலிருந்து அது என்விடியா போலிகளைக் கண்டுபிடித்து, பெயருக்கு முன்னாலேயே 'ஃபேக்' என்று போட்டுவிடும். ஓட்டிக்காட்ட மறுக்கும் கடையில் பேச்சை அத்தோடு முடித்துக்கொள்ளலாம்.

கார்டே தேவைப்படாத வீடும் உண்டு. வாலரன்ட் ஆட்டத்துக்குக் குறைந்தபட்சத் தேவையாகச் சொல்லப்பட்டது பிராசசருக்குள்ளேயே இருக்கும் இன்டெல் எச்டி 4000 கிராபிக்ஸ். பையன் ஆடுவது அது மட்டும்தான் என்றால், 8 ஜிபி ஒற்றை ராமுக்குப் பக்கத்தில் அதே அளவில் இன்னொன்றைச் செருகிப் பார்க்கலாம். உள்கட்டு கிராபிக்ஸ் மெயின் ராமைத்தான் பயன்படுத்துகிறது. இரண்டு ராம் இருந்தால் இரண்டு வழியாகவும் தகவல் வரும், வித்தியாசம் கண்ணுக்கே தெரியும்.

கார்டு வந்து, போட்டு, கதவை மூடி, ஆன் செய்ததும் திரை இருட்டாகவே இருந்தால் கடைக்கு ஓட வேண்டியதில்லை. பெட்டியின் பின்பக்கம் மானிட்டர் ஒயர் இன்னும் மதர்போர்டின் பழைய வாயிலேயே செருகியிருக்கும். அதை உருவிக் கீழே இருக்கும் கார்டின் வாயில் செருகிவிட்டுப் பார்க்க வேண்டும்.